ஒருக்கா சொன்ன அம்மிணி

மலைமேல் சோளக்காட்டில் பஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி, தேவனூர் நாட்டுப் பக்கம் போகிற ரோட்டோரம் தகரக் கூரை போட்ட ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. அங்கே சாப்பிட உட்காருகிறவனுக்கு ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கடைக்கார அம்மிணி எதையும் ஒரு தடவைதான் சொல்வார். ‘இன்னும் வைக்கட்டுமா?’ என்று கேட்பார். மரியாதைக்காக நீங்கள் ‘போதுமுங்க’ என்றால் தீர்ந்தது கதை. பாத்திரம் அடுப்புக்குத் திரும்பிப் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் இது நடக்கிற காரியமா? நான் மலையடிவாரத்துக்காரன். எங்கள் ஊரில் விருந்தாளி முதல் தடவை ‘போதுமுங்க’ என்றால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இரண்டாவது தடவை அவன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டித் தடுக்க வேண்டும். மூன்றாவது தடவை ‘அட, கைய எடுங்க மாப்ளே, இந்த வயசுல இதுகூடத் திங்கலீன்னா எப்படி’ என்று கையைத் தள்ளிவிட்டுச் சோற்றைக் கொட்டுவார்கள். அதற்கப்புறம்தான் எங்களுக்கு வயிறு நிறையும். இந்த வளர்ப்பில் வளர்ந்தவன், முதல் நாள் அந்தக் கடையிலிருந்து அரை வயிற்றோடு எழுந்து வந்தேன். வளைவுக்கு வளைவு அவரைத் திட்டிக்கொண்டே வண்டியைக் கீழே இறக்கினேன்.

என் வண்டி ஒரு குட்டியானை. மலையில் விளைகிற அன்னாசி, வாழை, பலா, மிளகு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சேலத்துக்குப் போவதுதான் என் பிழைப்பு. கீழே கொஞ்சம் காடும் உண்டு, குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருக்கிறோம். எனக்கு வாய் ஓயாது. ‘ஒரு சங்கதிய ஒம்பது தரம் சொல்றீங்க, பத்தாவது தரம் சொல்லும்போது எனக்கே புதுசாத் தெரியுது’ என்று என் வீட்டுக்காரி சொல்வாள். அப்படிப்பட்டவன் போய் அந்த அம்மிணியின் கடையில் மாட்டினேன் பாருங்கள். இரண்டாம் நாள் அவர் ‘வைக்கட்டுமா’ என்று முடிக்கும் முன்பே ‘வைங்க, வைங்க’ என்று என் வாய் முந்திக்கொண்டது.

அங்கே மோமோ கிடைக்கும். மலைக்காரர்கள் அதைக் கறிக்கொழுக்கட்டை என்பார்கள். கடை திறந்த புதிதில் ‘இது பேரு மோமோ’ என்று அம்மிணி சொல்லியிருக்கிறார். அதோடு சரி. அப்புறம் யார் வந்து ‘ஏனுங்க, ரெண்டு தட்டு கொழுக்கட்ட’ என்று கேட்டாலும் திருத்தாமல் எடுத்து வைப்பார். கறி என்றால் கோழிக்கறி. வெள்ளிக்கிழமைகளில் அரசாணிக்காயை, அதுதான் பூசணியை, துருவி, மலை மிளகைத் தட்டிப் போட்டு உள்ளே வைப்பார். தொட்டுக்கொள்ளக் காந்தாரி மிளகாய்த் துவையல். அப்புறம் துக்பா. எலும்பு போட்ட சாற்றில் கையால் இழுத்த கோதுமைமாவுப் பட்டைகள் மிதக்கும். ஆடி மாதத்தில் மேகம் ரோட்டிலேயே வந்து உட்கார்ந்துவிடும், எதிரே வருகிற லாரி தெரியாது. அந்த நேரத்தில் ஒரு கிண்ணம் துக்பாவை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தால் உடம்புக்குள் யாரோ அடுப்புப் பற்ற வைத்த மாதிரி இருக்கும்.

டீ மட்டும் என்னால் முடியவில்லை. வெண்ணெயும் உப்பும் போட்ட டீ. முதல் வாய் குடித்ததும் வெளியே ஓடிப்போய்த் துப்பினேன். அம்மிணிக்கு முகம் மாறவில்லை.

‘டீன்னு நினைச்சுக் குடிச்சா குமட்டும். ரசம்னு நினைச்சுக் குடிங்க, அண்ணா.’

ரசம் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். இறங்கிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு நான் அண்ணன், எனக்கு அவர் அம்மிணி. சொந்தப் பெயரை அவரும் ஒருக்கா சொன்னார். என் நாக்கில் அது நிற்கவில்லை. மறுபடி கேட்டால் சொல்ல மாட்டார் என்று தெரிந்ததால் அம்மிணியாகவே வைத்துக்கொண்டேன்.

அவருடைய தாய் தகப்பன் திபெத்திலிருந்து தப்பி வந்த கூட்டத்தில் வந்தவர்கள். இவர் பிறந்தது கர்நாடகத்தில், பிழைத்தது ஊட்டியில், ஸ்வெட்டர் விற்று. தேவனூர் நாட்டு ஆள் ஒருவர் ஊட்டி ஓட்டலில் சமையல் வேலை பார்த்தார். இரண்டு பேரும் கல்யாணம் கட்டிக்கொண்டு இங்கே வந்து, புருசனுடைய பங்குக்கு வந்த ரோட்டோர நிலத்தில் கடை போட்டார்கள். மலைக்காரர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள், அப்புறம் சாப்பிட்டுப் பார்த்தார்கள், அப்புறம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ‘சப்பமூக்குக்காரி கை நல்ல கை’ என்பார்கள். அவர் காதுபடவே சொல்வார்கள். பாராட்டுகிறோம் என்றுதான் நினைப்பு.

ஒருக்கா சொல்வது இவர்கள் ஜனத்தின் பழக்கமோ என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஒரு மார்கழியில் ஊட்டியிலிருந்து அவருடைய சித்தியும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். என்னை உட்கார வைத்து அந்த உப்பு டீயை ஊற்றினார்கள். வைத்ததை மிச்சம் வைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பாடம், அதனால் கடகடவென்று குடித்துக் காலி செய்தேன். உடனே ஊற்றினார்கள். அதையும் காலி செய்தேன். மறுபடி ஊற்றினார்கள். மறுத்தால் தப்பாக எடுத்துக்கொள்வார்களே என்று நான் குடிக்க, விருந்தாளிக்குப் போதவில்லையே என்று அவர்கள் ஊற்ற, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அம்மிணிதான் சொன்னார், ‘நிறைஞ்ச கோப்பைய அப்படியே வெச்சிருங்க. போதும்னு அர்த்தம்.’ அந்தச் சித்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான்தான் அந்த ராத்திரி தூங்கவில்லை. ஆக, அந்த ஜனம் எங்களைவிட அதிகமாக உபசாரம் பண்ணுகிற ஜனம். ஒருக்கா சொல்வது இவருடைய சொந்தக் குணம்.

அந்தக் குணத்தைப் பார்த்து நான் பயந்த நாளும் உண்டு.

ஒரு மாசி மாதம். மிளகு பறிக்கிற காலத்தில், காலம் தப்பி ஒரு மழை பெய்திருந்தது. காலையில் நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டுக்காரர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மிணி தலையைத் தூக்கினார்.

‘மரம் ஈரமா இருக்கு. இன்னைக்கு ஏற வேண்டாம்.’

‘ரெண்டு மரந்தேன். இதா வந்தர்றேன்’ என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார்.

என் வீட்டுக்காரியாக இருந்திருந்தால் ஏணியைப் பிடித்துத் தொங்கியிருப்பாள். அம்மிணி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் குனிந்து மாவைப் பிசைந்தார். உச்சிப்பொழுதுக்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முதுகெலும்பு போய்விட்டது. சேலம் போய்ச் சேரும் முன்பே உயிரும் போய்விட்டது. வண்டி ஓட்டியவன் நான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள், வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

‘இன்னொருக்கா சொல்லியிருக்கலாமில்லீங்க அம்மிணி? கையப் புடிச்சு இழுத்திருக்கலாம்.’

‘நான் சொன்னது அவருக்குக் கேட்டுச்சு, அண்ணா.’

அவ்வளவுதான் பதில். எனக்கு ஆத்திரம் வந்தது. இதென்ன மனுசி, புருசன் சாவிலும் ஒரு கணக்கா என்று நினைத்தேன். கொஞ்ச நாள் அந்தப் பக்கம் போகாமல் சந்தையில் பரோட்டா தின்றேன். அப்புறம் ஒரு காலையில் வெள்ளென மலையேறினபோது, ஊர் இடுகாட்டில் அம்மிணியைப் பார்த்தேன். அங்கே செத்தவர்களைப் புதைப்பதுதான் வழக்கம். அவர் புருசன் மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தூக்கில் கொண்டுவந்த உப்பு டீயை மண்ணில் ஊற்றிக்கொண்டிருந்தார். தினமும் வருவாராம். முகம் அழுது வீங்கிப் போயிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

அவர் பக்கத்து மண்ணைத் தொட்டுக் காட்டினார்.

‘எங்க ஆளுங்க எரிப்பாங்க. எனக்கு வேண்டாம். என்னை இங்க வைக்கணும், அண்ணா.’

‘அட என்னுங்க அம்மிணி, காலங்காத்தால என்ன பேச்சு இது, உங்க வயசென்ன, நானெல்லாம் இருக்கும்போது...’ என்று நான் பாட்டுக்கு ஆரம்பித்தேன். அவர் தூக்கை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார். சொல்ல வேண்டியதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லியாகிவிட்டது. மறுநாளிலிருந்து நான் பழையபடி அங்கேயே சாப்பிட்டேன்.

புருசனின் அண்ணன் ஒருவர் ஊருக்குள் இருந்தார். நல்ல மனுசர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். தம்பி போன பிறகும் ‘கடை உன்றது, நீயே நடத்து கண்ணு’ என்று விட்டவர். அவர் ஒரு நாய் வளர்த்தார். செவலை என்று கூப்பிடுவார். காட்டுப்பன்றி கிழங்குக் காட்டுக்குள் இறங்கினால் ஒற்றை ஆளாக நின்று விரட்டுகிற நாய். பொழுது சாய்கிற நேரத்தில் அது அம்மிணி கடைக்கு இறங்கி வரும். சாற்றில் வெந்த எலும்பை ஆற வைத்துப் போடுவார். ‘வா’ என்று ஒருக்கா கூப்பிடுவார், அது வரும்.

ஒரு நாள் அந்த நாயைக் காணோம்.

அந்த வாரம்தான் எந்த ஊரிலிருந்தோ பைக்கில் வந்த சில பையன்கள் கடையில் உட்கார்ந்து போனில் படம் பிடித்திருக்கிறார்கள். ஒருவன் மோமோவைப் பிட்டுக் காட்டி ‘மச்சி, இது கோழியா, லொள்ளா?’ என்று கேட்க, மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதை நானும் பார்த்தேன். பின்னால் அம்மிணி தட்டுக் கழுவிக்கொண்டு நிற்பது தெரியும். அவர்களுக்கு அது ஒரு வேடிக்கை, அடுத்த வளைவு வருவதற்குள் மறந்திருப்பார்கள். மலையில் அது போனுக்குப் போன் போயிற்று. செவலை கடைசியாக எங்கே போனது? திபெத்துக்காரி கடைக்கு. அவர்கள் ஊரில் எதைத் திங்காமல் இருக்கிறார்கள்? அவள் எதற்கு ஒரு நாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சோறு போட வேண்டும்? வருசக்கணக்காக அங்கே தின்ற வாய்களே கேட்டன.

ஊர்க்கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். நானும் வண்டியை நிறுத்திவிட்டுப் போய் நின்றேன். யாரும் கத்தவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

‘அம்மிணி, செவலை உங்க கடைக்கு வந்துச்சுன்னு சொல்றாங்க. அதய நீங்க ஏதாச்சும் பண்ணுனீங்களா?’

‘இல்லை.’

‘செரி. அப்பச் சூடத்த அணைச்சுச் சொல்லிப்போடுங்க.’

எங்கள் பக்கத்தில் எந்த வழக்குக்கும் கடைசி வார்த்தை அதுதான். சாமி முன்னால் தட்டில் சூடம் எரியும். உள்ளங்கையால் அதை அமுக்கி அணைத்து, இந்தத் தப்பை நான் செய்யவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னவன் குடும்பம் விளங்காது. அணைத்துவிட்டால் ஊரில் யாரும் அதற்குமேல் வாய் திறக்கக் கூடாது. அணைக்காவிட்டால் தப்புச் செய்தது நிசம் என்று ஆகிவிடும்.

தட்டை அம்மிணி முன்னால் வைத்தார்கள். சூடம் எரிந்தது. அவர் அதைப் பார்த்தார், கையைத் தூக்கவில்லை.

நாயைத் தொலைத்த அந்த அண்ணனே எழுந்து பக்கத்தில் வந்தார்.

‘கண்ணு, நீ பண்ணியிருக்க மாட்டே. எனக்குத் தெரியுது. ஊரு வாய அடைக்கோணுமில்ல? ஒரு நிமிச வேல. அணைச்சுப்போடு சாமி, நாம்பாட்டுக்கு ஊட்டுக்குப் போலாம்.’

‘சொல்லிட்டேன், மாமா.’

‘சாமி மேல சொல்லு, அவ்வளவுதேன்.’

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

‘ஏனுங்க, அந்தக் கடைக்குக் கோழி கொண்டாறதே நானு. சேலத்துல உரிச்சு என்ற கண்ணு முன்னால பையில போட்டுக் கொண்டாறேன். நான் அணைக்கிறனுங்க. எங்க வேணும்னாலும் அணைக்கிறேன்.’

‘நீங்க கீழநாட்டுக்காரரு. சமைச்ச கை வேணுமுங்க’ என்றார் பெரியவர், மரியாதை குறையாமல்.

சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. தட்டில் கறுப்பு வட்டம் மட்டும் இருந்தது. கூட்டம் கலைந்துவிட்டது. யாரும் அவர் கடையில் சாப்பிடக் கூடாது, நெருப்போ தண்ணீரோ கொடுக்கல் வாங்கல் கூடாது, பேச்சும் கூடாது. இதை யாரும் உரக்க அறிவிக்கவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்குக் கடைக்குள் உட்கார்ந்துகொண்டு அவரை நான் கெஞ்சினேன், திட்டினேன், மறுபடி கெஞ்சினேன். ‘ஒரு சூடம், அம்மிணி. ஊரோட ஒத்துப் போறதுல என்ன கொறஞ்சு போச்சு உங்களுக்கு? இந்த மண்ண விட்டுப்போட்டா உங்களுக்கு என்ன இருக்கு? அவரு இங்கதான கெடக்கறாரு?’ என்றேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் கண் கலங்கியது. துக்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

அதற்கப்புறம் அந்தக் கடையில் சாப்பிட்டது நான் ஒருவன்தான். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ரோட்டில் நின்று போனை நீட்டிப் படம் பிடித்துவிட்டுப் போவார்கள். சந்தையில் எனக்கு லோடு கொடுக்கிறவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள், அதுவும் எவ்வளவு பதமாக. ‘அங்க சாப்புட்டீங்கன்னா இங்க லோடு ஏத்த முடியாதுங்க, கோவிச்சுக்காதீங்க.’ நான் கோவித்துக்கொண்டேன். வாய்க்கு வந்தபடி பேசினேன். வண்டி பாதி காலியாகக் கீழே இறங்கியது.

இது எப்படியோ அம்மிணிக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நாள் நான் கை கழுவிவிட்டுத் திரும்பும்போது சொன்னார்.

‘அண்ணா, நாளைக்கு வராதீங்க.’

‘அது எப்படிங்க வராம இருப்பேன்? லோடு போனாப் போவுது, நான் என்ன சோத்துக்கில்லாதவனா?’

மறுநாள் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அடுப்புப் புகைகிறது, கூரை வழியாகத் தெரிகிறது. ஹாரன் அடித்தேன். கதவைத் தட்டினேன். ஒரு மூடின பலகையோடு நான் பேசிய பேச்சை யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை. எனக்குத் தெரியாதா, சொன்னால் சொன்னதுதான். அப்புறம் அந்த இடம் வந்தால் ஹாரனை மட்டும் ஒரு தடவை அடித்துவிட்டுப் போவேன். உள்ளே அவருக்குக் கேட்டிருக்கும்.

ஐப்பசி மழை முடிகிற சமயத்தில் நாமக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் பேசினாள். காய்ச்சலோடு ஒரு அம்மா தனியாக பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார், நெஞ்சில் சளி கட்டிவிட்டது, போனில் ‘அண்ணா’ என்று இந்த நம்பர் இருக்கிறது என்றாள். ‘உங்க தங்கச்சிங்களா?’ என்று கேட்டாள். ஆமாங்க என்றேன்.

நான் போனபோது அவருக்கு நினைவு இருந்தது. இளைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாய் மாட்டி, அந்தப் பெரிய கட்டிலில் இவ்வளவூண்டாகக் கிடந்தார். ஊட்டிக்குச் சொல்லட்டுமா, சித்தியைக் கூப்பிடட்டுமா, ஏதாவது வேணுமா என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார். இடுகாட்டில் சொன்னதை மறுபடி சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. எனக்குக் கேட்டது என்று அவருக்குத் தெரியும். விடியக்காலம் போய்விட்டார்.

ஊட்டிச் சித்தி நடமாட முடியாமல் படுத்திருந்தார். போனில் விசயத்தைச் சொன்னபோது வெகுநேரம் அழுதார். ‘அவ என்ன சொன்னாளோ அதைச் செய்யுங்க’ என்றார்.

என் வண்டியில் அவரைக் கிடத்தினேன். வீட்டுக்காரி தன்னுடைய புதுச் சேலை ஒன்றை எடுத்து வந்து போர்த்தினாள். அவரை அவள் ஒரு நாளும் பார்த்ததில்லை, என் வாயால் கேட்டதோடு சரி. அன்னாசி ஏற்றுகிற வண்டியில் அம்மிணியை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே மலையேறினேன்.

ஊருக்குள் திரும்புகிற இடத்தில் பெரியவர்கள் நின்றார்கள். புருசனின் அண்ணனும் நின்றார். போனிலேயே சொல்லியிருந்தேன். தட்டு தயாராக இருந்தது, அதில் சூடமும் இருந்தது.

‘ஊரு ஒதுக்கி வெச்ச ஆளுக்கு இங்க மண்ணு குடுக்க முடியாதுங்க’ என்றார் பெரியவர். ‘அந்தப் பழி தீரோணும். அன்னைக்கு நீங்க அணைக்கிறேன்னு வந்தீங்க, நாங்க வேண்டாம்னோம். இன்னைக்கு அவங்க கை இல்ல. அவங்க உங்கள அண்ணன்னு கூப்புட்டாங்க. நீங்க அணைச்சாச் செல்லும்.’

‘அவங்க அன்னைக்கே சொல்லிட்டாங்களேங்க. இல்லைன்னு. உங்க எல்லாத்துக்கும் கேட்டுச்சே.’

‘கேட்டுச்சுங்க.’

‘அப்பறம் என்ன?’

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வண்டியில் ஈ மொய்க்க ஆரம்பித்திருந்தது. அந்த அண்ணன் என் தோளைத் தொட்டார். ‘குழி வெட்டி வெச்சிட்டேன் சாமி. அவன் பக்கத்துலயே. நானே வெட்டுனேன். அணைச்சுப்போடு.’

அணைக்காமல் வண்டியைத் திருப்பியிருந்தால் அவர் சொன்ன சொல் ஒற்றைச் சொல்லாக நின்றிருக்கும். அணைத்தால் அவர் கேட்ட மண் கிடைக்கும். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். உயிரோடு இருந்த அம்மிணி எதைக் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இப்போது அவர் ஈ மொய்க்கக் கிடக்கிறார், என்னை நம்பிக் கிடக்கிறார்.

சூடத்தைப் பற்ற வைத்தார்கள். உள்ளங்கையை வைத்து அமுக்கினேன். ‘அவங்க அந்தத் தப்பப் பண்ணலீங்க’ என்றேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். வழி விட்டார்கள்.

செவலை என்ன ஆயிற்று என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

குழி நன்றாக ஆழமாக இருந்தது. இறக்கினோம். ஒவ்வொருவராகக் கைப்பிடி மண் போட்டார்கள், அந்தக் கடையில் வயிறு நிறையத் தின்றவர்கள்தான் அத்தனை பேரும். அவர்கள் போன பிறகு நானும் அந்த அண்ணனும் மண்ணைத் தள்ளினோம். என் கை எரிந்தது. பாதி மூடியிருப்போம். அவர் நிறுத்தினார். மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

‘நெசமாவே அவ பண்ணலதானுங்க?’

நான் குழியைப் பார்த்தபடி மண்ணைத் தள்ளினேன்.